மண்ணின் கிருமி

தபிதாளின் வலது முன்கையில் அந்தக் கொப்புளம் வந்தது பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் கழித்து. முதலில் ஒன்றுதான், புளியங்கொட்டை அளவில். சாம்பார் தெறித்திருக்கும் என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். நாலு நாளில் அதற்கு நாலு விரற்கடை கீழே இன்னொன்று வந்து உட்கார்ந்தது. இரண்டும் சிவந்து, பழுத்து, கரண்டியைப் பிடிக்கும்போது விண் விண்ணென்று தெறித்தன.

கரண்டி பிடிப்பதுதான் அவள் வேலை. திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகிற சாலையில், மலை பின்னால் சின்னதாகிப்போகிற தூரத்தில் இருந்த ஒரு ஊராட்சிப் பள்ளியில் சத்துணவுச் சமையலராகப் பதினோரு வருடம் ஓடிவிட்டது. எண்பத்துநாலு பிள்ளைகள். அவள் கணவன் சற்குணம் அரக்கோணம் ஸ்டேஷனில் பார்சல் ஏற்றி இறக்குகிறவன். கையைப் பார்த்துவிட்டு அவனே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வந்தான். ஐந்து நாள் மஞ்சள் மாத்திரை. கேட்கவில்லை. ஐந்து நாள் அதைவிடப் பெரிய வெள்ளை மாத்திரை. அதுவும் கேட்கவில்லை.

அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே தேவகி என்று ஒரு நர்ஸ். "கடைக்காரன் எப்பம்மா டாக்டரு ஆனான்?" என்று கேட்டுவிட்டு, சீழை ஒரு பஞ்சுக்குச்சியில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். அந்த வாரம் ஆஸ்பத்திரியில் அதற்கான சாமான் தீர்ந்துபோயிருந்ததால் குச்சி, பைபாஸ் சாலையில் புதிதாக எழும்பியிருந்த தணிகைத் தாவரச்சாறு உயராய்வு மையத்துக்குப் போனது. தபிதாளின் வாழ்க்கை திசை மாறியது அந்தக் குச்சியால்தான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. தாளில் பன்னிரண்டு மருந்துகளின் பெயர். ஒன்பதுக்கு நேரே ஆர், மூன்றுக்கு நேரே எஸ்.

"ஆர் போட்டதுக்கெல்லாம் இந்தக் கிருமி அடங்காது," என்று தேவகி சொன்னாள். "எஸ் போட்டது மூணு கீது. நமக்கு ஒண்ணு போதும்."

டாக்டர் இரண்டு கொப்புளத்தையும் கீறிச் சீழை வடித்தார். எஸ் போட்ட மாத்திரை பத்து நாளுக்கு எழுதினார். தினம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், துண்டை யாரோடும் பகிரக்கூடாது, புண் காய்கிறவரை அடுப்பங்கரைப் பக்கம் போகக்கூடாது என்றார். தபிதாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தாள். கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

லீவின் மூன்றாம் நாள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மையத்தின் இயக்குநர் அழைக்கிறார் என்றார்கள். புண்ணில் ஏதோ பெரிய கோளாறு என்று நினைத்து, பயந்துகொண்டே ஏறினாள். மையத்தின் வாசலில் இயக்குநர் முனைவர் சிவப்பிரகாசம் நின்றிருந்தார். அவர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். அது வலது கையின் மேல் நழுவி விழுந்து கட்டின் மேல் உரசியபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அதைப் போட்டோ எடுத்தார்கள்.

"அம்மா, வாழ்த்துகள்," என்றார் இயக்குநர். மேடை இல்லாத இடத்திலும் அவர் மேடைத் தமிழில்தான் பேசுவார். "நாற்பத்திரண்டு மூலிகைகளின் சாறு எங்களிடம் தயாராக இருக்கிறது. அவற்றை எதிர்த்து நிற்க இந்த வட்டாரத்தில் தகுதியான ஒரு கிருமி இரண்டாண்டுகளாகக் கிடைக்கவில்லை. வந்தவை எல்லாம் சாதாரண மாத்திரைக்கே மடிந்துபோகும் கோழைகள். உங்கள் கையில்தான் முதன்முதலாக ஒரு வீரத்தைக் கண்டோம்."

யாராவது பாராட்டினால் வழக்கமாகச் சொல்வதைத் தபிதாள் சொன்னாள்.

"எல்லாம் கர்த்தரோட கிருபைங்க."

அதையும் குறித்துக்கொண்டார்கள்.

சம்மதப் படிவம் பத்தொன்பது பக்கம். அதில் அவளுக்குப் புரிந்தது அவள் பெயர் மட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில் கீறிவிட்டதையும் மாத்திரை சாப்பிட்டு வருவதையும் சொன்னாள். அது ஒன்றும் மறைக்கிற விஷயம் இல்லையே. இயக்குநர் பெருந்தன்மையோடு கையசைத்தார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றார். கட்டம் இல்லாத விவரத்தைக் கேட்டுக்கொள்வது ஆய்வு நெறிக்குப் புறம்பானது என்றும் சொன்னார்.

அடுத்ததாக ஒரு சிக்கல் வந்தது. இப்படிப்பட்ட ஆய்வில் நோயாளிகளை இரண்டு அணியாகப் பிரிக்க வேண்டும். ஓர் அணிக்குச் சாறு, இன்னோர் அணிக்கு வெறும் தண்ணீர். மையத்தில் இருந்த நோயாளியோ ஒருத்தி. ஆலோசனைக் கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. வெளியே வந்த இயக்குநர் முகம் மலர்ந்திருந்தது. மேல் கொப்புளம் சாறு அணி, கீழ்க் கொப்புளம் நீர் அணி.

தினமும் கார் வரும். ரஞ்சிதம் என்ற ஆய்வுதவிப் பெண் மேல் கொப்புளத்தில் குப்பைமேனிச் சாற்றையும் கீழ்க் கொப்புளத்தில் தண்ணீரையும் விட்டுத் தனித்தனியாகக் கட்டுவாள். மணவூரிலிருந்து ரயிலில் வந்து போகிறவள் அவள். கட்டுப் போடும்போது மட்டும் மெல்லக் கேட்பாள், "மாத்திரைய உடாம சாப்டுகினு கீறீங்களா க்கா?" தபிதாள் தலையாட்டுவாள்.

ஜூலை பதின்மூன்றாம் தேதி கீழ்க் கொப்புளம் காய்ந்தது. பதினைந்தாம் தேதி மேலே இருந்தது காய்ந்தது. தண்ணீர் அணி இரண்டு நாள் முந்திவிட்டதைக் கேட்டு இயக்குநர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மேலே விட்ட சாறு புவியீர்ப்பு விசையால் கீழே இறங்கி நீர் அணியைக் குணப்படுத்தியிருக்கிறது என்று எழுதச் சொன்னார்.

"மேல கட்டு இறுக்கமா போட்டிருந்தீங்களே," என்றாள் தபிதாள்.

"கட்டையும் மீறி இறங்கியிருக்கிறது என்றால் சாற்றின் வீரியத்தைப் பாருங்கள்," என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் 'ஆறிவிட்டது, வேலைக்குப் போகலாம்' என்று எழுதி வாங்கிக்கொண்டு அவள் பள்ளிக்குத் திரும்பினாள். அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்தபோது கை லேசாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டாள்.

மையமோ அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. அவள் கையிலிருந்து எடுத்து வளர்த்த கிருமிக்குப் பெயர்சூட்டு விழா நடந்தது. 'தணிகை ஒன்று' என்று பெயர். அதற்கென்று குளிரூட்டிய ஒரு அறை, மின்சாரம் போனால் ஒரு ஜெனரேட்டர், அந்த ஜெனரேட்டர் போனால் இன்னொன்று. பார்க்க வந்தவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார்கள். தபிதாளுக்கு வெயிலில், ஷாமியானாவின் கடைசி வரிசையில் இடம் போட்டிருந்தார்கள்.

"வெளிநாட்டுக் கிருமிகளைக் கண்டு வியந்துகொண்டிருந்த காலம் போய்விட்டது," என்று இயக்குநர் பேசினார். "இது நம் மண்ணில் பிறந்தது. நம் மக்களின் உடலில் வளர்ந்தது. ஒன்பது மருந்துகளாலும் இதை அசைக்க முடியவில்லை. இந்தக் கிருமி உள்ளவரை இந்த மையம் இருக்கும் என்பதை நான் உறுதியோடு சொல்லிக்கொள்கிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். தபிதாளும் தட்டினாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. காவடிகள் திரளும் சாலையில் மையம் இருபதடிக்கு ஒரு பிளக்ஸ் வைத்தது. இடது பக்கம் கும்பிட்ட கையோடு இயக்குநர். வலது பக்கம் அவரைவிடப் பெரிதாகத் தபிதாளின் முன்கை, கொப்புளங்கள் பழுத்திருந்த நாளில் ஆஸ்பத்திரியில் எடுத்த படம். ஒவ்வொரு கொப்புளமும் பூசணிக்காய் அளவு. நோயாளியின் அடையாளத்தை மறைக்க வேண்டும் என்பது விதி என்பதால் முழங்கையின் மேல் ஒரு கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். கீழே எழுதியிருந்தது: 'ஒன்பது மருந்துகளை வென்ற நம் மண்ணின் கிருமி. நம் ஊர்ப் பள்ளியில் குழந்தைகளுக்கு அன்னமிடும் இந்தக் கையில்தான் கண்டெடுக்கப்பட்டது.'

மாநில எல்லை தாண்டி வந்த பக்தர்கள் சிலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இது என்ன சாமி கை என்று கேட்டுவிட்டு, பிளக்ஸின் அடியில் கற்பூரம் ஏற்றினார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள்.

முன்னால் வந்தவள் மணியம்மை. அவள் மகன் மூன்றாம் வகுப்பு. "வா நைனா வெளிய, சோறும் வாணாம் ஒண்ணும் வாணாம்," என்று பையனைத் தட்டோடு இழுத்தாள். பிறகு சமையலறை வாசலில் நின்று தபிதாளைப் பார்த்தாள்.

"இந்தக் கையாலதான எம் புள்ளைக்குப் போட்டுகினு கீற?"

தபிதாள் கையை நீட்டிக் காட்டினாள். அங்கே இரண்டு வெளிறிய தழும்பு மட்டும்தான் இருந்தது. ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது இருபதடிக் கையை. அதன் முன்னால் இந்தக் கை எடுபடவில்லை. அன்றைக்கு எண்பத்துநாலு பிள்ளைகளில் பதினோரு பேர் சாப்பிட்டார்கள். மிச்சச் சோற்றை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருடத்தில் அவள் சோறு மிஞ்சியதே இல்லை.

தலைமையாசிரியர் பரசுராமன் கெட்டவர் இல்லை. எதையும் தாளில் பார்த்தால்தான் நம்புகிறவர், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"கை ஆறிட்டது என் கண்ணுக்குத் தெரியுது தபிதாம்மா. ஆனா என் கண்ணு சர்டிபிகேட் ஆவாது. இந்தக் கிருமிய ஆஸ்பத்திரி கண்டுபுடிக்கல. கண்டுபுடிச்ச எடம்தான் அது இப்ப இல்லன்னு சொல்லணும். அதுவரைக்கும் நீங்க வராதீங்க."

அவள் மையத்துக்குப் போனாள். இந்தத் தடவை கார் வரவில்லை, ஷேர் ஆட்டோவில் போனாள். இயக்குநர் அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு திட்ட அறிக்கையை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். ஆய்வுக் காலம் மார்ச் முப்பத்தொன்று வரை. அதற்கு முன் ஒரு புண் ஆறினால் அது ஆறுதல் என்ற கணக்கில் வராது, ஆய்விலிருந்து விலகல் என்ற கணக்கில்தான் வரும். விலகிய நோயாளிக்கு மையம் கடிதம் தருவதில்லை. விலகாத நோயாளிக்குக் குணமாகியிருக்க முடியாது.

"அப்போ நான் இன்னா பண்ணட்டுங்க?"

"காத்திருங்கள். அறிவியல் என்பதே காத்திருப்பதுதான்."

வெளியே வரும்போது ரஞ்சிதம் அவளைத் தன் அறைக்கு அழைத்துப்போய் டீ கொடுத்தாள். மேசையில் கண்ணாடித் தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் கிருமி மாவுபோலப் படர்ந்து, நடுவில் சாற்றில் நனைத்த காகிதப் பொட்டைச் சுற்றி மட்டும் வட்டமாகத் தெளிந்திருந்தது. தெளிந்த இடத்தில் கிருமி செத்துவிட்டது என்று அர்த்தம், இதை வைத்துத்தான் சார் ஏழு கட்டுரை எழுதியிருக்கிறார் என்றாள் ரஞ்சிதம். சாறு எப்படி எடுப்பீர்கள் என்று தபிதாள் கேட்டாள். சமையல்காரிக்கு எதையும் எப்படிச் செய்தார்கள் என்று கேட்காமல் இருக்க முடியாது. இலையைக் காயவைத்துப் பொடித்து, ஸ்பிரிட்டில் இரண்டு நாள் ஊறவைத்து வடிகட்டுவோம் என்றாள் ரஞ்சிதம்.

"வெறும் ஸ்பிரிட்ட மட்டும் தனியா ஒரு பொட்டுல வெச்சிப் பாத்தீங்களா?"

ரஞ்சிதம் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வெச்சிப் பாத்தேன் க்கா. அதே வட்டம்தான் வந்துது. சாரு கிட்ட சொன்னேன். திட்ட அறிக்கைல ஸ்பிரிட்டப் பத்தி ஒரு வரியும் இல்ல, எதுக்கு அதப் போயி பாத்தேன்னு கேட்டாரு." அவள் தட்டுகளை அடுக்கினாள். "செடில ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்லல. இருக்கும். எங்கம்மா அரைச்சுப் போட்டு ஆறின புண்ண நானே பாத்துகீறேன். ஆனா அத ஒழுங்கா பாக்கணும் இல்ல? இங்க யாரு பாக்கறாங்க?"

ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது. பள்ளியில் தற்காலிகமாக வைத்த சமையல்காரி பருப்பை அடிப்பிடிக்க விடுகிறாள் என்று பிள்ளைகள் மூலம் செய்தி வந்தது. தபிதாளுக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்படவும் முடியவில்லை. விடியற்காலையில் எழுந்து, எங்கும் போக வேண்டியதில்லை என்பது ஞாபகம் வந்து, மறுபடி படுத்துக்கொள்வாள். கடைவீதியில் யாராவது காசு கொடுக்கும்போது அவள் உள்ளங்கையில் படாமல் மேலிருந்து போடுவதைக் கவனித்திருந்தாள். பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கி விற்க வருகிறவர்கூட, துணியைத் தொட்டுப் பார்க்கவிடாமல் தானே விரித்துக் காட்டினார்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. எல்லா அறைகளையும் எல்லாக் கருவிகளையும் ஒரு மாசு மருவின்றித் தூய்மைப்படுத்த வேண்டும் என்று இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். ரஞ்சிதம் லீவில் இருந்தாள். துப்புரவுப் பணியாளர்கள் சுற்றறிக்கையை எழுத்துக்கு எழுத்து மதிக்கிறவர்கள். குளிரூட்டிய அறையில் இருந்த தட்டுகள், குழாய்கள், குப்பிகள் அத்தனையையும் கொதிக்கிற வெந்நீரில் போட்டு, பிளீச்சிங் பவுடரால் தேய்த்துக் கழுவி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, முன்னால் பொரி கடலை படைத்தார்கள். ஒன்பது மருந்துகளாலும் அசைக்க முடியாத தணிகை ஒன்று, ஆயுத பூஜையோடு இல்லாமல் போயிற்று.

மூன்று நாள் கழித்துத் தபிதாள் வீட்டு வாசலில் மறுபடியும் கார். இந்தத் தடவை இயக்குநரே இறங்கினார். சற்குணம் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். இயக்குநர் உட்கார்ந்து, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, அது திரும்ப வருவதற்கு வாய்ப்பிருக்கிறதா?"

"எது சார்?" என்றான் சற்குணம்.

"நம் கிருமி. அது கடைசியாக உங்கள் மனைவியிடம்தான் இருந்தது."

தபிதாள் இரண்டு கையையும் புரட்டிக் காட்டினாள். இயக்குநர் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். கொசு கடித்த இடம் ஒன்றில் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்து மறைந்தது. பிறகு சற்குணத்தின் பிடரியைப் பார்க்கலாமா என்று கேட்டார். பிடரியிலும் ஒன்றும் இல்லை. வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள முடியுமா என்றார். சற்குணம் எழுந்து நின்றுவிட்டான். தினமும் நூறு பார்சல் தூக்குகிற உடம்பு அது. இயக்குநர் அவசரமாக விஷயத்துக்கு வந்தார்.

நவம்பர் பதினெட்டாம் தேதி சென்னையிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது. கிருமியைக் காட்ட முடியாது, ஆகவே புண்ணையாவது காட்ட வேண்டும். புண் இல்லை, ஆகவே அதை மறுஉருவாக்கம் செய்ய வேண்டும். பொய் என்று யாரும் நினைக்கக் கூடாது. ஏற்கெனவே இருந்த ஒன்றை இருந்த இடத்திலேயே நினைவுபடுத்துவது மட்டும்தான். அன்று மாலையே, குணமாகிவிட்டாள் என்று அவர் கையெழுத்தோடு கடிதம்.

கார் கிளம்பிப் போனது. வேண்டாம் என்றால் மார்ச் வரை காத்திருக்க வேண்டும், மார்ச்சுக்கு அப்புறமும் அந்த ஆள் எந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார் என்று யாருக்குத் தெரியும் என்றான் சற்குணம். உன் இஷ்டம் என்றும் சொன்னான். தபிதாள் எண்பத்துநாலு தட்டை நினைத்தாள். போகிறேன் என்றாள்.

பதினெட்டாம் தேதி காலை மையத்தின் பின்னறையில் தணிகைவேல் காத்திருந்தார். கூத்தில் வேஷம் போட்டுவிடுகிறவர். படுகளத்துத் துரியோதனனுக்குத் தொடைப்புண் போடுவதில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. தபிதாளின் கையைப் பிடித்துப் பார்த்து, புண் சண்டையில் வந்ததா தானாக வந்ததா என்று கேட்டார். தானாக என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இருந்தாலும் அரிசிமாவும் பசையும் குங்குமமும் குழைத்து இரண்டு கொப்புளத்தை எழுப்பினார். நிஜப் புண்ணைவிட நன்றாக வந்திருந்தது. தபிதாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழுவில் மூன்று பேர். தலைவர் நரைத்த தலை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உச்சிக்கால பூஜைக்குள் மலைக்குப் போய்ச் சாமி பார்த்துவிட்டு, பிறகு சாப்பாடு என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு தபிதாளை மேடைக்கு அழைத்தார்கள். அவள் கையை மேசை மேல் வைத்தாள். வெள்ளை விரிப்பு, தண்ணீர் பாட்டில்கள், பூங்கொத்து, நடுவில் அந்தக் கை.

தலைவர் குனிந்து பார்த்தார்.

"வலிக்கிறதா அம்மா?"

ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று காலையிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்தக் கொப்புளங்களைப் பார்த்ததும் சமையலறை வாசலில் நின்ற அம்மாக்களின் முகம் முன்னால் வந்தது. அவர்கள் பயந்தது இதற்குத்தான். இல்லாத இதை அவளே கையில் ஏந்திக்கொண்டு வந்து மேசை மேல் வைத்திருக்கிறாள்.

"வலிக்கலீங்க," என்றாள். "இது சாயம். என் கை ஆறி நாலு மாசம் ஆவுது."

இயக்குநர் எழுந்து, நீண்ட நாள் நோயால் நோயாளியின் மனம் சற்றே... என்று ஆரம்பித்தார். தபிதாள் அருகிலிருந்த பாட்டிலைத் திறந்து கையில் தண்ணீரை ஊற்றினாள். முந்தானையால் தேய்த்தாள். சிவப்பாக வழிந்து விரிப்பில் பரவியது. மாவு உருண்டு உதிர்ந்தது. அவள் கையைத் திருப்பி மூன்று பேருக்கும் தனித்தனியாகக் காட்டிவிட்டு, தலை குனிந்து நின்றாள். கடிதம் போயிற்று என்று நினைத்தாள். போனால் போகட்டும் என்றும் நினைத்தாள்.

குழுவின் இரண்டாவது உறுப்பினர் கடிகாரத்தைப் பார்த்து ஏதோ எழுதினார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"புண் ஆறுகிறதா என்று பார்க்கத்தான் எங்களை அனுப்பியிருக்கிறார்கள். வந்தபோது புண் இருந்தது, இப்போது இல்லை, அதை மூன்று பேரும் கண்ணால் பார்த்தோம். புண் எப்படி வந்தது என்று கேட்பதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை." அவர் இரண்டாமவரைப் பார்த்தார். "எவ்வளவு நேரம்?"

"நாற்பது விநாடி, சார்."

"முப்பது ஆண்டுப் பணியில் இவ்வளவு விரைவான குணத்தை நான் கண்டதில்லை," என்று தலைவர் மைக்கில் சொன்னார். "அதுவும் நீர் அணியில். நீரைப் பற்றித் தனியாக ஒரு திட்டம் தயாரித்து அனுப்புங்கள். நாங்கள் பரிந்துரைக்கிறோம்."

கைதட்டல் எழுந்தது. இயக்குநர் உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் உயர்ந்தார். குழு மலைக்குக் கிளம்பியது.

மாலையில் ரஞ்சிதம் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். மேற்படி தபிதாள் என்பவரின் முன்கையிலிருந்த புண், மதிப்பீட்டுக் குழுவின் முன்னிலையில், நவம்பர் பதினெட்டாம் தேதி முற்பகல் பதினொன்று நாற்பது மணிக்கு முழுமையாகக் குணமடைந்தது என்று இருந்தது. தபிதாள் இரண்டு தடவை படித்தாள்.

"இத வாங்கினா நானும் பொய் சொன்னதா ஆவுமா?"

"ஆறிப்போச்சுன்றது நெசம்தான க்கா," என்றாள் ரஞ்சிதம். "தேதிதான் பொய்யி. அத எழுதினது நீங்க இல்ல." அவள் தோளில் பை மாட்டியிருந்தாள். மறுநாளிலிருந்து தான் வேலைக்கு வரப்போவதில்லை என்றாள். தண்ணீரை ஸ்பிரிட்டில் ஊறவைக்கச் சொல்கிறார்கள், அதற்கு மேல் தன்னால் முடியாது.

மறுநாள் பரசுராமன் சார் இரண்டு கடிதத்தையும் மேசையில் அருகருகே வைத்துப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் சுருங்கியது. ஆஸ்பத்திரி ஜூலையில் ஆறிவிட்டது என்கிறது. மையம் நவம்பரில் ஆறியது என்கிறது. நவம்பரில்தான் ஆறியது என்றால், ஜூலைக் கடைசியில் புண்ணோடு சமைக்கவிட்டதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். ஜூலையிலேயே ஆறிவிட்டது என்றால், மூன்று மாதமாக அவளை உள்ளே விடாததற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். ஒரே கடிதம் இருந்த நேற்றுவரை இதே அறையில் அவருக்குத் தூக்கம் நன்றாக வந்தது. தபிதாள் என்பவர் எந்தத் தேதியில் குணமடைந்தார் எனத் தெளிவுரை வழங்குமாறு வேண்டி ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் வரும்வரை அவள் குணமானவளாகவும் ஆகாமல், குணமாகாதவளாகவும் ஆகாமல் நிலுவையில் இருப்பாள் என்று விளக்கினார்.

விளக்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு பெண் வந்து, புது ஆயா இன்னைக்கு வரல சார், அடுப்பு பத்தவைக்கல என்றது. மணி பத்தே முக்கால். பரசுராமன் சார் ஜன்னல் வழியாகச் சமையலறையைப் பார்த்தார். தபிதாளைப் பார்த்தார். எழுதிய கடிதத்தைப் பார்த்தார்.

"இது போயி பதில் வர்றதுக்கு நாளாவும்," என்றார். "நீங்க போங்கம்மா. நான் பாக்கல."

அவள் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினாள். அரிசியைக் களைந்தாள். எண்பத்துநாலு முட்டையை வேகப் போட்டாள். பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டோடு வந்தன. முதலில் வந்த பையன் அவளைப் பார்த்து நின்றான், பின்னால் வந்தவன் அவனைத் தள்ளினான், அதற்குப் பிறகு வரிசை தானாக நகர்ந்தது. முதல் பத்துத் தட்டுக்குள் பருப்பு பிரமாதம் என்று ஒரு வாய்மொழி உத்தரவு வகுப்புகளுக்குப் போய்விட்டது.

கடைசித் தட்டும் போனபின் சமையலறை வாசலில் நிழல் விழுந்தது. மணியம்மை. தபிதாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். இன்னொரு சண்டைக்குத் தெம்பில்லை.

மணியம்மை சண்டை போடவில்லை. உள்ளே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். முந்தானையை விலக்கி, ரவிக்கையின் தோள்பட்டையைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டினாள். அங்கே சிவந்து, பழுத்து, ஒன்று.

"எட்டு நாளா கீதுக்கா. கடைல வாங்கின மாத்திரை கேக்கல. எங்க வூட்டு ஆளுகிட்ட கூட சொல்லல." குரல் இறங்கியது. "அந்த மையத்துக்காரங்களுக்குத் தெரிஞ்சிடுமா?"

தபிதாள் தோளைத் தொடாமல் பார்த்தாள். வலி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"பெரிய ஆஸ்பத்திரில தேவகி நர்ஸுன்னு கேளு," என்றாள். "கீறி உட்டு மாத்திரை குடுப்பாங்க. பத்து நாள்ல காஞ்சிடும். துண்டத் தனியா வெச்சிக்கோ."

"சரிக்கா."

"குச்சில எடுத்தாங்கன்னா எங்க அனுப்பறீங்கன்னு மொதல்ல கேட்டுக்கோ." தபிதாள் ஒரு தட்டை எடுத்து, சட்டியில் மீந்திருந்த சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றி, அவள் பக்கம் தள்ளினாள். "பஸ்ல போறப்போ தோள மூடிக்க."

மணியம்மை தட்டைப் பார்த்தாள், அதை நீட்டியிருந்த கையைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டாள்.